புல்லட் என்ஜினில் புதுச் சத்தமா? பிரிப்பதற்கு முன்னால் காது கொடுங்கள்

முழு என்ஜின் வேலை முடிந்து வந்த பழைய புல்லட், 200 கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டு, ஒரு நாள் காலை சிக்னலில் நிற்கும்போது அதுவரை இல்லாத ஒரு ‘டிக் டிக்’ போட ஆரம்பிக்கும். வயிற்றைக் கலக்கும் சத்தம் அது. இத்தனை செலவும், லேத்துக்கும் கடைக்கும் அலைந்த அலைச்சலும் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து நிற்கும். பக்கத்தில் வண்டி நிறுத்தியிருப்பவர் “டாப்பெட் சார்” (வால்வைத் தள்ளும் பாகம்) என்பார், இன்னொருவர் “கனெக்டிங் போச்சு” (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடு) என்பார், மூன்றாவது ஆள் “என்ஜினை இறக்கிடுங்க” என்பார். என் அப்பாவின் 1974 மாடல் 350 விஷயத்தில் இந்த மூன்றையுமே கேட்டேன். மூன்றும் தப்பு. அது என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது, உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் செய்த பழைய இரும்பு என்ஜின் புல்லட் 350 பற்றி: 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., புஷ்ராடு (கேமின் அசைவை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பி), தனி கியர்பாக்ஸ், வலது காலில் கியர். வேறு பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் முறை பெரும்பாலும் பொருந்தும், பாகங்கள் மட்டும் மாறும்.

முதலில் ஒரு விஷயம். ஸ்பேனரை எடுக்காதீர்கள். சத்தத்தைப் பற்றி மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும்: எத்தனை முறை வருகிறது, எந்த இடத்திலிருந்து வருகிறது, எப்போது வந்து எப்போது மறைகிறது. பிரித்துவிட்டால் அந்த மூன்று தடயமும் போய்விடும், மறுபடி கோத்த பிறகு சத்தம் வேறாக இருக்கும், முன்பு என்ன இருந்தது என்றே யாருக்கும் நினைவிருக்காது.

சென்னையில் இதைக் கேட்பதற்கு நேரம் காலை ஐந்தரை. எட்டு மணிக்கு மேல் பஸ் ஹாரனும் தண்ணி லாரியும் சேர்ந்து காதை அடைத்துவிடும். வண்டியை திறந்த இடத்தில் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். காம்பவுண்டு சுவர் ஓரமாக நிறுத்தினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, இடது பக்கத்து சத்தம் வலது பக்கத்திலிருந்து வருவதுபோல் ஏமாற்றும். மூடிய கார் ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது, புகை ஆபத்து. காற்றில் குளிரும் என்ஜின் என்பதால் நிறுத்தி வைத்து நான்கைந்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள், தேவையென்றால் ஒரு டேபிள் ஃபேனை முன்னால் வையுங்கள். வேட்டி, லுங்கி, தொளதொள சட்டையோடு செயின் பக்கம் குனிய வேண்டாம்.

இப்போது எண்ணிக்கை. புல்லட்டின் அழகே அதன் மெதுவான ஸ்லோதான் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும் வேகம்), அதுவே உங்கள் கருவியும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் வெடிப்பு, அதாவது சைலன்சரில் ஒரு ‘டுப்’. வால்வைத் திறக்க வைக்கும் கேம் கியர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது, ஆகவே ஒவ்வொரு வால்வும் ஒரு டுப்புக்கு ஒரு முறைதான் திறந்து மூடும். ஸ்லோவை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, ஒரு கையை சைலன்சர் வாய்க்குப் பின்னால் சற்றுத் தள்ளி வைத்து புகை தள்ளுவதை உள்ளங்கையில் உணர்ந்துகொண்டே கேளுங்கள். ஒரு டுப்புக்கு ஒரு டிக் என்றால் வால்வு, டாப்பெட், ராக்கர், கேம், அல்லது வெடிப்போடு சேர்ந்த கசிவு. ஒரு டுப்புக்கு இரண்டு டிக் என்றால் கிராங்கோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. காதுக்குப் பிடிபடவில்லையா, போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள், தெளிவாகத் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: பிஸ்டனும் பிக் எண்டும் (கனெக்டிங் ராடு கிராங்கில் சேரும் முனை) ஒவ்வொரு சுற்றிலும் அசைந்தாலும் வெடிப்பின் அழுத்தம் விழும்போதுதான் ஓங்கித் தட்டும், அதனால் அவையும் சில நேரம் ஒரு டுப்புக்கு ஒன்று போல் கேட்கும். கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் போதும். முனையை என்ஜினில் அழுத்தி, பிடியின் அடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பாய் ஒருவர், “தம்பி, சத்தம் இருக்கிற இடத்தைத் தேடாதே, இல்லாத இடத்தை எல்லாம் முதல்ல கழிச்சிடு” என்றார். அவர் சொன்னபடியே ராக்கர் மூடி, ஹெட், சிலிண்டரின் மேல் பாதி, கீழ்ப் பாதி, டைமிங் கவர் (வலது பக்கம் கேம் கியர்களை மூடுவது), கிராங்க் கேஸ், இடது பக்க பிரைமரி கவர் (என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடுவது), கியர்பாக்ஸ் என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்தேன். அந்தத் தாளை ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது கடைசியில் வரும்.

சரி, என்ஜினுக்கு வெளியே இருப்பதைக் கழிப்போம். பாதி ‘என்ஜின் சத்தம்’ என்ஜினிலேயே இருக்காது. ஹெட்டிலிருந்து ஃபிரேமுக்குப் போகும் தாங்கி, என்ஜின் போல்ட்டுகள், டூல் பாக்ஸ் மூடி, செயின் கவர், ஹாரன் பிராக்கெட், டேங்க் ரப்பர், சைலன்சர் கிளாம்ப் எல்லாவற்றையும் ஓடும்போது ஒவ்வொன்றாகக் கையால் (சைலன்சரை மட்டும் தடித்த துணியால்) அழுத்திப் பாருங்கள், சத்தம் மாறினால் அங்கேயே நில்லுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மட்டும் ‘தொம்’ என்று வந்தால் பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் அதிர்வு தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். அவை நைந்து போனால் அந்த இடி செயின் வழியாக முன்னால் வந்து கிராங்க் கேஸில் கேட்பதுபோலவே இருக்கும்.

அப்புறம் புகைக் கசிவு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டாப்பெட் என்று திட்டு வாங்கும் சத்தங்களில் பல இதுதான். எக்சாஸ்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் சிறு இடைவெளி இருந்தால் ஒவ்வொரு டுப்புக்கும் ஒரு கூர்மையான ‘டிக்’ வரும், அச்சு அசலாக டாப்பெட் போலவே. கிக் உதைக்கச் சுலபமாக அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷரின் கேபிள் இழுப்பாக இருந்து அதன் வால்வு முழுசாக உட்காராவிட்டாலும் அப்படியே. பிளக் வாஷர், ஹெட் பேக்கிங் இரண்டும் இதே கூட்டம். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு ஊதுபத்தியை ஏற்றி இணைப்புகளுக்கு அருகே காட்டுங்கள். நேராக எழும் புகை ஒரு இடத்தில் மட்டும் டுப்புக்கு டுப் உதறினால் அதுதான் கசிவு. கரி படிந்த கறுப்புக் கோடும் சாட்சி சொல்லும். பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள், குளிர்ந்த என்ஜினில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்து நுரை வருகிறதா என்று பார்க்கலாம்.

அடுத்தது ஆயில். பழைய புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸுக்குள்ளேயே ஒரு அறை. நாலைந்து நாள் நின்ற வண்டியில் ஆயில் பம்பைக் கடந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும், டிப் ஸ்டிக்கில் குறைவாகக் காட்டும், நாம் பதறி ஊற்றுவோம், பிறகு அதிகமாகிப் பிரீத்தர் (காற்றுப் போக்கி) வழியாகத் தள்ளும். ஐந்து நிமிடம் ஓடிய பிறகுதான் அளவு பாருங்கள். இங்கே வெயிலுக்கு 20டபிள்யூ50 என்ற கெட்டியான ஆயில் போடுவது வழக்கம். மெல்லிய ஆயில் போட்டிருந்தால் சூடான பிறகு எல்லாச் சத்தமும் கூடும்.

புதிதாக வேலை பார்த்த என்ஜினில் ஆயில் ஓட்டத்தை நம்பாமல் சோதியுங்கள். இந்த என்ஜினில் பம்ப் இரண்டு. ஒன்று ஆயிலை ஃபில்டர் வழியாக பிக் எண்டுக்கு அனுப்பும், மற்றது கீழே சேர்ந்ததை உறிஞ்சி மேலே ராக்கருக்கும் டேங்குக்கும் அனுப்பும். ராக்கர் பைப் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி ஆயில் கசிவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் நிறைய. அது திரும்பி வரும் ஆயில். பிக் எண்டுக்குப் போகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. டைமிங் கவரில் இருக்கும் ஃபில்டர் மூடியை, சிறிது நேரம் ஓடி நிறுத்திய பிறகு தளர்த்துங்கள். உள்ளே ஆயில் நிறைந்து வழிய வேண்டும். வறண்டு இருந்தால் அன்றைக்கு வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். டைமிங் கவரிலிருந்து கிராங்க் முனைக்குள் ஆயில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன கார்க் சீல் உண்டு. அவசரத்தில் கோக்கும்போது அதை விட்டுவிட்டால், அல்லது பழையதையே போட்டால், ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் வழியிலேயே கொட்டிவிடும். சில ரூபாய் பொருள், ஒரு கிராங்கையே தின்றுவிடும்.

இனி டாப்பெட். ஒரு டுப்புக்கு ஒரு டிக், கசிவு இல்லை, ஸ்க்ரூடிரைவரில் வலது பக்கம் சிலிண்டர் அடியிலோ ராக்கர் மூடியிலோ ஓங்கிக் கேட்கிறது என்றால் இங்கே வாருங்கள். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், இரவெல்லாம் நின்ற வண்டி நல்லது. பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். பிளக் துளையில் வைத்த விரலைக் காற்று தள்ளத் தொடங்கிய பிறகு பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்தான் நமக்கு வேண்டியது. அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். சிலிண்டரின் வலது அடியில் உள்ள டாப்பெட் மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடும் தெரியும். விரலால் சுழற்றினால் லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டமே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அளவு, ஃபீலர் கேஜ் தேவையில்லை. ஆட்டம் இருந்தால் ஒரு ஸ்பேனரால் டாப்பெட்டைப் பிடித்து, இன்னொன்றால் லாக் நட்டைத் தளர்த்தி, மூன்றாவதால் அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறும், எனக்கு எப்போதும் மூன்று முறையாவது ஆகும். சத்தமே வராமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் இறுக்கமாக வைத்துவிடாதீர்கள். வால்வு முழுசாக உட்காராமல் எக்சாஸ்ட் வால்வு கருகிப்போகும். லேசாகப் பேசும் டாப்பெட் நல்ல டாப்பெட் என்பது சும்மா சொல்வதில்லை.

அளவு சரியாக இருந்தும் மேலே ‘டக டக’ என்றால் ராக்கரைத் தாங்கும் பிளாக்குகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் மேல் பாதி, கீழ்ப் பாதி சேர்த்துத் துளையிட்ட ஜோடி. ஹெட்டைக் கழுவும்போது நான்கு துண்டும் ஒரே தட்டில் கிடந்து, இன்லெட்டின் மேல் பாதி எக்சாஸ்டின் கீழ்ப் பாதியோடு சேர்ந்துவிட்டால் ராக்கர் ஒன்று பிடிக்கும், இல்லை ஆடும். வேலைக்கு முன்பு இல்லாத மேல் சத்தம் வேலைக்குப் பிறகு வந்தால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

பிஸ்டன் தட்டுவது வேறு மாதிரி. மரக்கதவை விரல் மடக்கித் தட்டுவதுபோல் மழுங்கிய சத்தம், காலையில் குளிரில் அதிகம், ஐந்து நிமிடம் ஓடினால் அடங்கும். காரணம் எளிது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு, சூட்டில் அலுமினியம் இரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும், அதனால் குளிரில் இருக்கும் இடைவெளி சூட்டில் குறைகிறது. ரீபோர் செய்த (சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கிய) லேத்தில் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தால் இந்தச் சத்தம் வரும். சூட்டில் மறைந்தால் ஓட்டலாம். இறுக்கமான போரில் வெயில் நேரத்தில் ஜாம் ஆவதைவிட இது எவ்வளவோ மேல். சூட்டிலும் நிற்கவில்லை என்றால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, நாலு கிக் சும்மா உதைத்து, பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடி சத்தம் குறைந்து மறுபடி வந்தால் பிஸ்டன்தான்.

கத்திபாரா மேம்பாலத்தில் டாப் கியரிலேயே மெதுவாக ஏறும்போது மட்டும் ‘கிணி கிணி’ என்று சின்னச் சலங்கை போல் வந்தால் அது எந்தப் பாகமும் தட்டுவதில்லை. பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியதில் டைமிங் (பிளக்கில் ஸ்பார்க் வரும் நேரம்) முன்னால் போயிருக்கும். முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வைத்து, பிறகு டைமிங்கைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது, இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

பயப்பட வேண்டிய சத்தம் ஒன்று உண்டு. அடியிலிருந்து, கனமாக, ‘டொக் டொக்’. சூடாக ஆக, ஆயில் இளக இளகக் கூடும். ஓடும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக விடும் அந்த நொடியில் தெளிவாகக் கேட்கும், ஃபுட்ரெஸ்ட்டில் காலிலும் தெரியும். இது பிக் எண்ட். பழைய புல்லட்டில் கம்பெனி வைத்தது மிதக்கும் புஷ் (ராடுக்கும் கிராங்குக்கும் நடுவே சுழலும் உலோக வளையம்), ஆயில் இருக்கும் வரை நெடுநாள் உழைக்கும், ஆயில் நின்றால் உடனே போகும். வேலை பார்க்கும்போது ரோலர் பேரிங்காக மாற்றிக்கொள்பவர்களும் உண்டு, உங்களுடையதில் என்ன போட்டார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஆயிலை ஒரு வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். தங்க நிறத் துகள் என்றால் புஷ், வெள்ளி நிறமாக, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் பிஸ்டன், காந்தத்தில் ஒட்டினால் கியர் அல்லது பேரிங். புது என்ஜினின் முதல் ஆயில் மாற்றத்தில் நுண்ணிய பொடி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், விரலில் நெருடுகிற துண்டுகள் இருக்கக் கூடாது. ‘டொக்’ உறுதி என்றால் மெக்கானிக் கடை வரைக்கும் மெல்ல ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போங்கள். அதுவரை பிழைத்திருக்கும் கனெக்டிங் ராடும் கிராங்க் கேஸும் அந்த ஐந்து கிலோமீட்டரில் போய்விடலாம். சிலிண்டரைத் தூக்கிய பிறகு ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுங்கள், அந்தத் திசையில் ஆட்டமே கூடாது. பக்கவாட்டில் சற்று நகர்வது சரிதான், அதைக் காட்டி யாராவது கிராங்க் போச்சு என்றால் நம்ப வேண்டாம்.

கிளட்சைப் பிடித்தால் சத்தம் மாறுகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள், அது நல்ல சோதனைதான்: நியூட்ரலில் ஓடும்போது கேட்பது கிளட்ச் பிடித்ததும் நின்றால் கியர்பாக்ஸ், பிடித்தால் வருகிறது என்றால் கிளட்ச். ஆனால் பிரைமரி கவருக்குள் கிளட்சுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேர் இருக்கிறார்கள், பிரைமரி செயினும், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும். செயின் தொய்ந்தால் கவரில் உரசி ஸ்லோவில் ‘கட கட’ என்னும். மிக இறுக்கமான இடத்தில் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. ஆட்டம் வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது, ஆகவே என்ஜினைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள்.

என் வண்டியில் இருந்தது ஆல்டர்னேட்டர். எண்ணிக்கையில் ஒரு டுப்புக்கு இரண்டு, குளிரில் லேசாக, சூட்டில் தெளிவாக, கிளட்ச் பிடித்தாலும் மாற்றமில்லை. தாளில் டைமிங் கவருக்கு இரண்டு மதிப்பெண், சிலிண்டருக்கு மூன்று, இடது கவரின் முன் பகுதிக்கு ஒன்பது. இதை எழுதி வைத்த பிறகும் பெரிய கடையில் சொன்னார்களே என்று டாப்பெட்டை இரண்டு முறை வைத்தேன், ஹெட்டைக்கூட ஒரு முறை தூக்கினேன். கடைசியில் ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, கவரின் ஒற்றை நட்டைத் திருகி எடுத்தபோது, கிராங்கோடு சுற்றும் ரோட்டரின் மேல் கண்ணாடி போல் ஒரு பளபளப்புக் கோடும், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் ஒரு ஓரத்தில் அதே பளபளப்பும் இருந்தது. கிராங்க் பேரிங் மாற்றியபோது ஸ்டேட்டரை இறக்கியிருக்கிறார்கள், திரும்ப மாட்டும்போது அது நடுவில் உட்காரவில்லை. 0.2 மி.மீ. பிளாஸ்டிக் தாளை ரோட்டரைச் சுற்றி வைத்து, ஸ்டேட்டர் நட்டுகளைத் தளர்த்தி, அது தானாக நடுவில் உட்கார்ந்ததும் இறுக்கி, தாளை உருவி, சக்கரத்தைச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்தேன். அரை மணி நேர வேலை.

அதனால்தான் சொல்கிறேன், வேலை பார்த்த என்ஜினில் புதிதாக வரும் சத்தத்துக்கு, எந்தப் பாகம் பழசு என்று யோசிப்பதைவிட எதையெல்லாம் கழற்றி மாட்டினார்கள் என்று யோசியுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது “சத்தம் வருது அண்ணே” என்று மட்டும் நிற்காமல் அந்தத் தாளையும், குளிரில் ஒன்று சூட்டில் ஒன்று என இரண்டு போன் பதிவையும் கொண்டுபோங்கள். 500 கிலோமீட்டரில் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி டாப்பெட்டை ஒரு முறை சரி பாருங்கள், புது பேக்கிங் அமுங்கும்போது இரண்டுமே மாறும். அன்றைக்கும் அதே எட்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, பழைய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதிக்கொள்ளுங்கள்.